காலி மாடிகளில் எரிந்த விளக்கு

1931, மே 1. வாஷிங்டனில் இருந்தபடியே ஜனாதிபதி ஹூவர் ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஜொலித்தது. அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம்! ஆனால் உள்ளே..? ஏறக்குறைய கால்வாசி இடத்துக்குத்தான் வாடகைக்கு ஆள். 1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அப்படி! 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று ஊரே கேலி பேசியது. ஆள் இருப்பதுபோல் காட்ட, காலி மாடிகளில் விளக்கை எரியவிட்டார்களாம்! முதல் வருடம், உச்சிக்குப் போய் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசு வாடகை வருமானத்துக்குச் சமமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வராவிட்டால் வரியும் வட்டியும் லிஃப்ட் செலவும் நின்றுவிடுமா, என்ன? முதலாளி ராஸ்காப் பெரும் பணக்காரர். கைக்காசைப் போட்டுத் தாக்குப்பிடித்தார். லாபம் எட்டிப்பார்க்க 1950 ஆகிவிட்டது. அந்த வருடமே அவர் காலமானார்!

இப்போது லண்டனுக்கு வாருங்கள். கேனரி வார்ஃபில் கனடாவின் ரெய்க்மன் சகோதரர்கள் கடன் வாங்கிக் கட்டிய கோபுரம் 1991-ல் தயார். மறுபடியும் மந்தம், காலி மாடிகள்! 1992 மே மாதம், அவர்களுடைய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் திவாலாகி கோர்ட் படியேறியது. பிற்பாடு அதே கேனரி வார்ஃப் பெரிய வங்கிகளின் கோட்டையானது!

ஆக, கட்டடத்தில் கோளாறில்லை. அது நிரம்பும்வரை பணம்தான் தாங்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுபவராக இருந்தாலும் கேள்வி இதுதான்: ஆறு மாதம் 'டு-லெட்' போர்டு தொங்கினால், தவணை கட்டக் கையில் என்ன இருக்கிறது?