ஒற்றை இருக்கைக்கு ஒரு மேடை

சுங்கை சிப்புட் தோட்டங்களில் அன்று மாரியம்மன் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கர்தான். லயத்தில் எந்த வாசலில் உட்கார்ந்தாலும் ஒரே பாட்டு. இடம் வலம் என்ற பேச்சே கிடையாது.

ஆலன் புளும்லைன் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழில் ஸ்டீரியோவாகப் பதிவான முதல் படங்களில் ஒன்று ‘பிரியா’ (1978). 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. இதற்கிடையில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கார்தான் பாட்டுக் கொட்டகை.

ஆனால் நம்ம ஊர் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் கிட்ட, இடது தூரம். முந்தி வரும் ஒலியின் பக்கமே காது சாயும். பாடகர் வலது கதவுக்குள் ஒடுங்கிவிடுவார். தூர வித்தியாசம் 50 செ.மீ. என்றால், ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிற கணக்கில், வலது ஸ்பீக்கரை 1.5 மில்லிநொடி தாமதப்படுத்தணும். பாடகர் டேஷ்போர்டு நடுவில் வந்து நிற்பார்.

ஓட்டுபவருக்கு மட்டும்! பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் 3 மில்லிநொடியாகிவிடும். பாட்டு முழுக்க இடது கதவில்.

லயத்தில் யாருக்கும் மேடை இல்லை, எல்லாருக்கும் பாட்டு இருந்தது. அம்மா ஏறினால் நான் தாமதத்தை எடுத்துவிடுவேன். கோணல் ஆளுக்குப் பாதி.