நீலகிரிப் புல்வெளியின் வயது: ஒரு விவாதமும் அது முடியுமுன் நடந்த மரநடவும்

1938ஆம் ஆண்டு ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் நீலகிரி மேட்டுநிலத் தாவரங்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன். மற்றொன்று தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் தாவரவியலாளர் என். எல். போர் எழுதியது. இருவரும் பார்த்தது ஒரே நிலத்தைத்தான். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைக் காடு; சரிவுகளிலும் முகடுகளிலும் புல். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை கத்தியால் அறுத்தது போலிருக்கும். மழையும் மண்ணும் இரண்டுக்கும் பொது. அப்படியிருக்கப் புல் உள்ள இடத்தில் ஏன் மரம் இல்லை?

ஒரு காலத்தில் மலை முழுவதும் சோலையாக இருந்தது, மனிதர் வைத்த தீயும் மாடுகளின் மேய்ச்சலும் அதைப் புல்லாக்கிவிட்டன என்பது போரின் வாதம். ரங்கநாதன் இதை ஏற்கவில்லை. குளிர்கால இரவுகளின் உறைபனி திறந்த வெளியில் சோலை மரக் கன்றுகளைத் தங்கவிடுவதில்லை. ஆகவே புல்லும் சோலையும் தத்தம் இடத்தில் முதிர்ந்து நிலைத்த இரண்டு இயற்கைத் தாவரக் கூட்டங்கள் என்றார். இது ஏட்டளவில் நின்றுபோகும் சர்ச்சையல்ல. போர் சொன்னது சரியென்றால் புல்வெளியில் மரம் நடுவது இழந்த காட்டை மீட்கும் வேலை. ரங்கநாதன் சொன்னது சரியென்றால் அதே வேலை ஒரு பழைய தாவர உலகையே புதைப்பதாகும். புல்வெளியின் வயதைப் பொறுத்தவரை சான்றுகள் ரங்கநாதன் பக்கமே நிற்கின்றன. ஆனால் அவை கைக்கு வந்தபோது நடவு பெரும்பாலும் முடிந்திருந்தது. அந்தக் கால வரிசையைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறியபோது இந்தப் புல்வெளி தோடர்களின் எருமைகள் மேயும் நிலம். மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகள் புல்லும் சோலையும் நீரும் சேரும் இடங்களில் அமைந்திருந்தன. கோடையில் முற்றிக் காய்ந்த புல்லுக்கு அவர்கள் தீ வைப்பார்கள். மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கும். உதகை ஊராக வளர்ந்ததும் விறகுத் தேவை பெருகி, பக்கத்துச் சோலைகள் கோடரிக்கு இரையாயின. அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. சீகை என்று இங்கே அழைக்கப்படும் வாட்டில் மரம் 1830களிலிருந்து பரவத் தொடங்கியது. கற்பூர மரம் என்று இங்குள்ளோர் அழைக்கும் யூகலிப்டஸ் 1843இல் வந்தது. அவற்றை எங்கே நடுவது என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. ஏர் படாத, மரமும் இல்லாத நிலம் நிர்வாகத்தின் பார்வையில் வெறும் நிலம்.

அதே நூற்றாண்டில் தாவரவியலாளர்கள் கண்டது வேறு. ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்களின் கையால் தென்னிந்தியச் செடிகளை வரைவித்து ராபர்ட் வைட் நூல் நூலாக வெளியிட்டார். நீலகிரிக்கென்றே தனி நூலும் கொண்டுவந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூல், நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேலுள்ள செடிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. கோவை வேளாண் கல்லூரியின் கே. ரங்காச்சாரியார் 1921இல் தென்னிந்தியப் புற்களுக்கென ஒரு கையேடு எழுதினார். இந்த நூல்களில் வகைவகையாகப் பதிவான நிலத்தைத்தான் நடவுத் திட்டங்கள் காலியிடமாக எடுத்துக்கொண்டன. இரண்டு அறிவும் ஒரே காலத்தில் இருந்தன. ஒன்றை மற்றொன்று கேட்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

புல்வெளியின் வளம் குனிந்து பார்ப்பவருக்கே பிடிபடும். கிரைசோபோகன், தெமேடா, அருண்டினெல்லா, யூலாலியா போன்ற புற்கள் தூர் தூராக நிற்கின்றன. தூர்களுக்கு நடுவே கிழங்கிலிருந்து எழும் தரை ஆர்க்கிடுகள், காசித்தும்பை இனங்கள், ஈரக் கசிவுள்ள இடங்களில் பூச்சியைப் பிடித்துண்ணும் அழுகண்ணி, சரிவுகளில் 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சிப் புதர். மரமென்று இங்கே தனித்து நிற்பது பெரும்பாலும் சிவந்த பூப் பூக்கும் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் மட்டுமே. இந்தப் புற்களுக்கும் பூண்டுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. அவற்றின் வளர்மொட்டு மண்ணையொட்டியோ மண்ணுக்குள்ளோ இருக்கிறது. பனி கருக்கினாலும் தீ எரித்தாலும் எருமை கடித்தாலும் போவது இலை மட்டும். உயிர் அடியில் பத்திரமாக இருக்கிறது. சோலை மரக்கன்றின் மொட்டோ தண்டின் நுனியில் காற்றுக்கு நேராக நிற்கிறது. சோலைக்குள் மரக்கூரை அதைக் காக்கும். சில அடி தள்ளி வெளியே வந்தால் ஒரே இரவில் கருகிவிடும்.

பள்ளத்துச் சதுப்புகளில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் வளர்கிறது. கையேடு எழுதிய ரங்காச்சாரியாரின் பெயரைத் தாங்கிய அது நீலகிரிக்கே உரியது. தோடர் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது இந்தப் புல்லால்தான். சதுப்பு வற்றினாலோ அதன்மேல் மரம் நிழலிட்டாலோ ஓர் அரிய இனத்தோடு ஒரு வழிபாட்டு மரபின் மூலப்பொருளும் போய்விடும்.

புல்வெளியின் வயதைக் கடைசியில் சொன்னதும் சதுப்புகள்தாம். மக்காத தாவர எச்சங்கள் அங்கே அடுக்கடுக்காகப் படிந்து கருமண்ணாகக் கிடக்கின்றன. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவின் படிவுகளிலுள்ள மகரந்தத் துகள்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் படித்தனர். 1993இல் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புமண்ணின் கார்பன் ஐசோடோப்பு விகிதங்களை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். வெப்பமண்டலப் புற்கள் பல கார்பனை உள்வாங்கும் முறை மரங்களின் முறையிலிருந்து மாறுபட்டது. அந்த வேறுபாடு மக்கிய மண்ணிலும் அழியாமல் தங்கும். அந்தப் பதிவு ஏறத்தாழ 20,000 ஆண்டு பின்னோக்கிச் சென்றது. பனியூழியின் வறண்ட உச்சத்தில் இத்தகைய புற்கள் ஓங்கியிருந்தன. பருவமழை வலுத்தபோது அவற்றின் பங்கு குறைந்தது. வறட்சி திரும்பியபோது மீண்டும் கூடியது. ஆக, இங்கே மேய்ச்சல் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே புல்வெளி இருக்கிறது. சோலையோடு அதன் எல்லையை நகர்த்திவந்தது தட்பவெப்பம். தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அவை புல்வெளியைப் பேணின, உருவாக்கவில்லை.

உறைபனி வாதத்துக்கு நேரடிச் சோதனை வர இன்னும் நாளாயிற்று. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, புல்வெளியில் சோலை மரக் கன்றுகள் நிலைக்காததற்கு உறைபனியே காரணம் என்று காட்டியது. அயல் மரப் பரவலும் வெப்ப உயர்வும் இந்தச் சமநிலையைக் குலைக்கக்கூடும் என்றும் அது எச்சரித்தது.

இதற்கிடையில் நடவு ஓயவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், மரக்கூழுக்காகவும் விறகுக்காகவும் யூகலிப்டஸும் முன்னிலும் பெரிய அளவில் நடப்பட்டன. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் அளந்தபோது, புல்லுக்குப் பதில் யூகலிப்டஸ் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுழற்சியில் கோடைக்கால ஓட்டம் மேலும் சுருங்கியது. பவானியாற்றை நம்பியிருக்கும் சமவெளிக்கும் இது சொந்தக் கணக்கு.

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சீகையை வெட்டிச் சாய்ப்பதோடு வேலை முடியாது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கன்றுகள் கூட்டமாய் முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க ஆளும் பணமும் வேண்டும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வளர்ந்துவருகின்றன. அங்கே வெட்டாமல் விடுவதே நல்லது. முதலில் கை வைக்க வேண்டியது, முக்கூர்த்தி போன்ற இடங்களில் இன்னும் புல் பிழைத்திருந்து, ஓரத்தில் சீகைக் கன்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழையும் சரிவுகளில். அங்கே கையாலேயே பிடுங்கிவிடலாம், புல் தூர் நட வேண்டிய அவசியமும் இல்லை. சதுப்புகளை ஒட்டிய சரிவுகளை எடுக்கும்போது, எந்தப் பள்ளத்தில் கூரைப்புல் இன்னும் நிற்கிறது, எதில் வற்றிவிட்டது என்பதைத் தோடர்களிடம் கேட்டு வரிசையை முடிவுசெய்வது முறை.