ஓட்டுநரா, வண்டியா? கார் பந்தய வரலாற்றில் ‘தகுதி, திறமை’

‘தகுதி, திறமை’ என்ற சொற்களை நம் மீது வீசாத நாளே கிடையாது. இட ஒதுக்கீட்டில் ஒரு பிள்ளைக்குச் சீட்டுக் கிடைத்தால் போதும், திறமை செத்துவிட்டது என்று ஒப்பாரி கிளம்பிவிடும். அந்தச் சொற்களை இந்தக் கட்டுரையில் வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். அந்த இடம் கார் பந்தயம். உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டுகளில் ஒன்று அது. அங்கே நம்மைப் போன்றவர்களுக்கு இடமே இருந்ததில்லை. ஆனால் திறமையை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு அந்த விளையாட்டின் வரலாறு நல்ல பதில் வைத்திருக்கிறது.

திருப்பனந்தாள் பக்கம் நம் தெருப் பிள்ளைகளில் டிராக்டரும் அறுவடை மிஷினும் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அறுப்பு நேரத்தில் மழை பிடித்து வயல் சேறாகக் கிடந்தால் டயர் மிஷின் புதைந்துவிடும், பெல்ட் மிஷின்தான் இறங்கும். டயர் மிஷின் ஓட்டுகிற பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அன்று அவன் வரப்பில்தான் நிற்க வேண்டும். அவனைப் பார்த்து ‘உனக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. என்ன வண்டி, அது யாருடைய வண்டி என்பது வயலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. படிப்பு, வேலை, பதவி என்று வந்தால் மட்டும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மறந்துபோகிறது.

சோழவரத்தில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் கார் பந்தயம் வளர்ந்த இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளத்தில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே வந்தது. ஆலை முதலாளிகள், பெரும் வணிகர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று கார் வைத்திருந்தவர்களே அங்கே ஓட்டினார்கள். மெக்கானிக்காகவும் டயர் தூக்குகிறவராகவும் உள்ளே போனவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இல்லை.

அந்த முதலாளிகளில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரின் பெரிய ஆலைக் குடும்பத்தில் பிறந்த எஸ்.கரிவரதன், வெளிநாட்டுக் காரை இறக்கி ஓட்டும் வசதி இருந்தவர். ஆனாலும் அவர் மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ‘பார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வண்டி என்றானபோது, யார் ஓட்டுகிறார், யாரை வண்டி இழுத்துக்கொண்டு போகிறது என்பது வெளியே தெரிந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அந்தப் பார்முலா மாருதியில் ஓட்டியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவருடைய தந்தையும் ராலி ஓட்டியவர். பள்ளிப் பருவத்திலேயே பிரான்ஸில் உள்ள பந்தயப் பயிற்சிப் பள்ளிக்குப் போகும் வசதி அவருக்கு இருந்தது. இரண்டாவதாகப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இவர்களுடைய உழைப்பையோ துணிச்சலையோ நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் பிறக்காமல், அதே திறமையோடு ஒரு சேரியில் பிறந்த பிள்ளையை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

ஒரே மனிதர், வேறு வேறு வண்டி

வசதியோடு போன நரேனுக்கு அங்கே என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். 2005-ல் ஜோர்டன் என்ற அணியில் அவர் சேர்ந்தார். அது பின்வரிசை அணி. அந்த ஆண்டு அமெரிக்காவில் இண்டியானபொலிஸ் பந்தயத்தில் மிஷெலின் டயர் பாதுகாப்பாக இல்லை என்று, அந்த டயர் பூட்டிய 14 கார்களும் தொடங்கும் முன்பே ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவுதான். ஓட்டிய கை அதே கை. அன்றைய இடத்தை டயர் முடிவு செய்தது.

பிறகு 2007-ல் ஏ1 கிராண்ட் பிரீ என்ற தொடரில் இந்திய அணிக்காக ஓட்டினார். அப்போது அந்தத் தொடரில் எல்லா நாட்டு அணிகளுக்கும் ஒரே சேசிஸ், ஒரே இன்ஜின். சீனாவில் ஜூஹாய் பந்தயத்தில் அவர் முதலிடம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்திலும் முதலிடம். ஒரே வண்டி கொடுத்தால் கோவைக்காரர் உலகத்தை ஜெயிக்கிறார்.

அதே ஆள் 2011-ல் எச்ஆர்டி என்ற ஏழை அணியின் காரில் ஏறினார். ஆஸ்திரேலியாவில் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. தகுதிச் சுற்றில் முதல் ஆளின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் வெளியே அனுப்பும் விதி இருந்தது. 2012-லும் அதே ஊரில் அதே கதை. இரண்டு முறையும் அணியின் இரண்டு கார்களுமே வெளியே போயின. கருண் சந்தோக்கின் கதை இன்னும் மோசம். 2010-ல் அதே அணியில் அவருடைய முதல் பந்தயத்துக்குக் கார் தயாராகவே இல்லை. தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாக அந்தக் காரில் உட்கார்ந்து ஓட்டினார். புத்தகமே கையில் கொடுக்காமல் பரீட்சை எழுதச் சொன்ன மாதிரி.

2011-ன் நடுவில் நரேனின் இடத்தில் டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞரை உட்கார வைத்தார்கள். அவரும் அந்தக் காரில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2014-ல் ரெட் புல் அணியின் காரில் அதே ரிக்கியார்டோ மூன்று பந்தயங்களை வென்றார். எச்ஆர்டி காரை மட்டும் பார்த்து அவருக்கு மார்க் போட்டிருந்தால் என்ன போட்டிருப்போம்?

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். விஜய் மல்லையா போன்ற முதலாளிகள் நடத்திய போர்ஸ் இந்தியா அணி 2008 முதல் பத்தாண்டுக்கு மேல் ஓடியது. அந்தக் காரில் ஓர் இந்தியர்கூட பந்தயத்தில் ஓட்டவில்லை. 2011-ல் கிரேட்டர் நொய்டாவில், கௌதம புத்தர் பெயரிட்ட தளத்தில் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. வென்ற வெட்டலுக்குக் கோப்பை கொடுத்தவர் அன்றைய முதல்வர் மாயாவதி. நரேன் அன்று அதே எச்ஆர்டி காரில் 17-வதாக வந்தார்.

எண்கள் சொல்வது

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஜென்சன் பட்டன் 2008 முழுக்க ஓட்டி 3 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு அந்த அணி பிரான் என்று பெயர் மாறி நல்ல காரோடு வந்தது. முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்று அவர் உலகச் சாம்பியன் ஆனார். ஒரு குளிர்காலத்தில் ஒரு மனிதருடைய திறமை அவ்வளவு வளருமா? ஜார்ஜ் ரஸ்ஸல் இரண்டு ஆண்டுகளாக வில்லியம்ஸ் காரில் ஒரு புள்ளியும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். 2020 டிசம்பரில், ஹாமில்டனுக்குக் கொரோனா வந்ததால் ஒரே ஒரு பந்தயத்துக்கு மெர்சிடிஸ் கார் அவர் கைக்கு வந்தது. கடைசி வரிசைக்காரர் தகுதிச் சுற்றில் இரண்டாவது இடம் பிடித்து, பந்தயத்தில் முன்னால் ஓடினார். டயர் மாற்றுவதில் அணி குளறுபடி செய்யாமல் இருந்திருந்தால் கோப்பையோடு திரும்பியிருப்பார்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையிலான பார்முலா ஒன் முடிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டு 2016-ல் வெளியிட்டார்கள். முடிவுகளில் உள்ள வேறுபாட்டில் சுமார் 86 சதவீதம் அணியையும் காரையும் சார்ந்தது, சுமார் 14 சதவீதம்தான் ஓட்டுநரைச் சார்ந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

அப்படியானால் திறமை என்பதே பொய்யா? இல்லை. அதே ஆய்வு, வண்டியின் பங்கைக் கழித்துப் பார்த்து, ஜுவான் மானுவல் ஃபாஞ்சியோவை முதலிடத்தில் வைத்தது. நான்கு வெவ்வேறு அணிகளின் கார்களில் ஐந்து பட்டம் வென்றவர் அவர். 1984-ல் மொனாக்கோவில் கொட்டுகிற மழையில், டோல்மன் என்ற சாதாரணக் காரில் அயர்டன் சென்னா இரண்டாவதாக வந்ததை இன்றும் பேசுகிறார்கள். மழையில் எல்லா வண்டியும் வழுக்கும், அப்போது கை பேசும். திறமை உண்மை. அதைப் பார்ப்பதற்கு வண்டியின் வித்தியாசத்தை முதலில் கழிக்க வேண்டும்.

ஒரே கார் கிடைத்தபோது

பந்தய உலகத்துக்கும் இது தெரியும். ஓர் ஓட்டுநரை மதிப்பிட அவர்கள் முதலில் பார்ப்பது அதே அணியில் அதே காரில் ஓட்டும் இன்னொருவரைத்தான். லூயிஸ் ஹாமில்டன் இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தார். கிரனடாத் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கறுப்பினக் குடும்பத்தின் பேரன். மகனுடைய கார்ட் பந்தயச் செலவுக்காகத் தந்தை ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். 1998-ல், 13 வயதில், மெக்லாரன் அணி அவரைத் தத்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. 2007-ல் முதல் ஆண்டிலேயே, இரண்டு முறை சாம்பியனான அலோன்சோவுக்குக் கொடுத்த அதே கார் அவருக்கும் கிடைத்தது. ஆண்டு முடிவில் இருவருக்கும் 109 புள்ளிகள், இருவருக்கும் நான்கு வெற்றிகள். பின்னால் ஹாமில்டன் ஏழு முறை சாம்பியன் ஆனார்.

அவருக்கு முன்னால் அமெரிக்காவில் வெண்டல் ஸ்காட் இருந்தார். கறுப்பினத்தவர், மெக்கானிக், பழைய கார்களைத் தானே பழுதுபார்த்து நாஸ்கார் பந்தயம் ஓட்டியவர். 1963 டிசம்பர் 1-ல் ஜாக்சன்வில்லில் வென்றார். ஆனால் இன்னொருவரை வென்றவராக அறிவித்துக் கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் வென்றவர் ஸ்காட் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் 1990-ல் இறந்தார். வெற்றிக்குரிய கோப்பை 2021-ல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஓட்டை வண்டியில் ஓட்டி ஜெயித்தால்கூட ஜெயித்தாய் என்று சொல்ல மனம் வராத இடம் உண்டு. நமக்கு அது புதிதா?

பணக்கார விளையாட்டின் இட ஒதுக்கீடு

பார்முலா ஒன் நிர்வாகமே பிறகு என்ன செய்தது தெரியுமா? பணக்கார அணிகளே எப்போதும் ஜெயித்தால் பந்தயம் செத்துவிடும் என்று 2021-ல் செலவுக்கு வரம்பு போட்டது. அதே ஆண்டு காற்றுச் சுரங்கச் சோதனைக்கும் படிநிலை வைத்தது. காரின் வடிவத்தைச் சரிசெய்ய அந்தச் சோதனை நேரம்தான் உயிர். 2022 முதல் உள்ள கணக்குப்படி முதலிடம் பிடித்த அணிக்கு அடிப்படை நேரத்தில் 70 சதவீதம்தான். ஒவ்வொரு இடத்துக்கும் 5 சதவீதம் கூடி, பத்தாவது அணிக்கு 115 சதவீதம்.

பின்தங்கியவருக்குக் கூடுதல் வாய்ப்பு, முன்னால் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குப் பெயர் என்ன தோழர்களே? இதே விதிகளின் கீழ் 2024-ல் மெக்லாரன் அணி 26 ஆண்டுகளுக்குப் பிறகு அணிகளுக்கான பட்டத்தை வென்றது. சலுகையில் வந்த பட்டம் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. போட்டி நன்றாக இருக்கிறது என்றுதான் சந்தோஷப்பட்டார்கள்.

நம் டெல்டாவில் நிலம் மிராசுதாருடையது, மாடும் கலப்பையும் அவருடையது, உழுத கை பண்ணையாளுடையது. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த காலம் வரை பண்ணையாளை நினைத்த நேரத்தில் விரட்டலாம். விளைச்சல் நன்றாக இருந்தால் ‘நல்ல விவசாயி’ என்று பெயர் வாங்கியவர் மிராசுதார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம் குழுமூரில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். 2017-ல் பாடத்திட்டமும் வேறு, பயிற்சி மையமும் வேண்டும் என்ற நீட் தேர்வை அவர் முன் வைத்து, தகுதியில்லை என்றார்கள். அவரை நாம் இழந்தோம். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் தரம் குறையும் என்று பேசினார்கள்.

நிலம், மூன்று தலைமுறைப் படிப்பு, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம், வழி சொல்ல ஒரு மாமா இவையெல்லாம் வண்டி. அதில் ஏறி உட்கார்ந்து வந்தவர் இறங்கி நின்று எல்லாம் என் கைத்திறமை என்கிறார். அவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அதே வண்டியை எங்கள் பிள்ளைக்கும் கொடுத்தபோது நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்கள்? அதற்குப் பதில் சொல்லாத வரைக்கும் அவர் காட்டும் மதிப்பெண், வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து எடுத்த மதிப்பெண். அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டச் சொல்வோம்.