கொலைக்களம் பேசுமா? ஸ்ரீபெரும்புதூர் 1991

கொலை நடந்த இடம் ஒழுங்காக இருந்தால் கொலைகாரன் திட்டமிட்டவன், அலங்கோலமாகக் கிடந்தால் ஆவேசத்தில் செய்தவன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1980களில் கொலைகாரர்களை இப்படி இரண்டாகப் பிரித்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்ம பக்கம் நடந்த கொலைக்கு இது பொருந்துமா?

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். எங்கள் வேடந்தாங்கலைப் போல அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். ராஜீவ் காந்தி இறந்த அந்த இடத்தை விட அலங்கோலமான களம் இருக்க முடியாது. ஆனால் திட்டமோ மாதக்கணக்கில் போட்டது!

தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் சந்திரசேகரன் கொலையாளியின் மனதைத் தேடவில்லை, பொருட்களைத் தேடினார். ஒரு பெண்ணின் தலையும் கால்களும் கிடைத்தன. நடு உடல் சிதறிப் போயிருந்தது. அப்படியானால் குண்டு இருந்தது அவள் உடம்பில்தான்! கிழிந்த துணி, ஒயர் துண்டுகளும் அதையே சொல்லின. அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் பிலிம் தப்பியிருந்தது. அதில், சந்தன மாலையோடு அதே பெண்.

"எப்படி" என்பதைக் களம் சொல்லிவிட்டது. "ஏன்" என்பதை? 1999 மே 11ல் உச்ச நீதிமன்றம், இது கூட்டுச் சதியால் நடந்த கொலை, ஆனால் தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றது. களத்தை மட்டும் பார்த்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அப்படி வகைப்படுத்தியிருப்போம்?