நாரிநோவை முன்கூட்டியே காட்டும் உணரி

களஞ்சியசாலை, உணவகச் சமையலறை, துப்புரவு வேலை என்று நம்மவர்கள் கூடுதலாக நிற்கும் இடங்களில் நாரிநோ புதிதல்ல. அதை முன்கூட்டியே கண்டுகொள்ள ஐரோப்பாவில் சில வேலைத்தளங்கள் முதுகிலோ மேற்கையிலோ சிறிய உணரியைப் பொருத்துகின்றன. அதற்குள் உள்ள முடுக்கமானியும் சுழல்மானியும் ஒருவர் எத்தனை பாகை குனிகிறார், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று பதியும். 1993இல் நொட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட 'றூலா' மதிப்பீட்டில், 60 பாகைக்கு மேல் முன்குனிந்தால் அதிகூடிய ஆபத்துப் புள்ளி. அன்று கண்ணால் பார்த்துக் குறித்ததை உணரி நாள் முழுவதும் குறிக்கிறது. ஆனால் கையில் உள்ள பாரம் எத்தனை கிலோ என்பது அதற்குத் தெரியாது.

குனியும்போது அதிர்ந்து எச்சரிப்பதோடு நிர்வாகம் நின்றுவிட்டால், பழி தொழிலாளியின் தலையில்தான் விழும். கீழ்த்தட்டில் உள்ள பாரமான பெட்டிகளை இடுப்புயரத்துக்கு ஏற்றினால் அங்கு வேலைசெய்யும் எல்லோருடைய நாரியும் தப்பும். செலவும் பெரிதல்ல, மருத்துவ விடுப்புக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இந்தப் பதிவை வேலை வேகத்தை அளக்கவும் பயன்படுத்தலாம் என்பதால், பொருத்தமுன் நோக்கத்தைக் கேளுங்கள். 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பதிவின் பிரதியைப் பெற உங்களுக்கு உரிமையுண்டு. எழுத்தில் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும்.