யதீமின் சொத்தும் காழியின் அனுமதியும்

ஒருவர் மரணித்த அக்கணமே அவர் விட்டுச்சென்ற பொருளில் வாரிசுகளின் உரிமை பிறந்துவிடுகிறது. அடக்கச் செலவும், கடனும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தும் முற்படும். எஞ்சியதில் தொட்டிலில் கிடக்கும் மகனுக்கும் தொழில் நடத்தும் மகனுக்கும் பங்கு ஒன்றே. மூத்தவர் தம் பங்கைத் தாமே விற்கலாம். தொட்டிற் குழந்தையின் பங்கை விற்கத் தக்கவர் யார்?

ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜுத் தாலிபீ’னில் இதற்கு விடை கூறுகின்றார்கள். தந்தை, பின்னர் தந்தையின் தந்தை, பின்னர் அவ்விருவரும் நியமித்த வஸீ, அவர்களும் இல்லையேல் காழி. ஹனஃபீ மத்ஹபில் தந்தையின் வஸீ பாட்டனாருக்கு முந்துவார். கடைசியில் நிற்பவர் அங்கும் காழியே. சிறுவரின் அசையாச் சொத்தை விற்பதற்கு ‘மின்ஹாஜ்’ அனுமதிக்கும் காரணங்கள் இரண்டே: ஒன்று ஹாஜத், அதாவது தேவை, மற்றது வெளிப்படையான ஃகிப்தத், அதாவது கண்கூடான ஆதாயம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864-ஆம் ஆண்டுச் சட்டம் காழிகளின் அரசாங்கப் பதவியை நீக்கிற்று. 1880-இல் காழிகளை நியமிக்க மீண்டும் சட்டம் வந்தபோதும், நீதி வழங்கும் அதிகாரம் திரும்பவில்லை. வெறுமையான அவ்விருக்கையில், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் வழியே மாவட்ட நீதிபதி அமர்ந்தார். நீதிமன்றம் நியமித்த காப்பாளர் முன் அனுமதியின்றி நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கும் விடலாகாது. அனுமதி எப்போது கிடைக்கும்? அவசியம் இருந்தால், அல்லது சிறுவருக்குத் தெளிவான நன்மை இருந்தால். அதன் விவரத்தை நீதிபதி உத்தரவிலேயே எழுதவும் வேண்டும். மத்ரஸாவில் ஹாஜத், ஃகிப்தத் என்று ஓதியவருக்கு இது புதிய பாடமன்று!

நம் குடும்பங்களிலோ, கணவரை இழந்த தாய் பிள்ளைகளுக்காகத் தாமே கையெழுத்திட்டு விற்பதே பெருவழக்காயிருந்தது. பிள்ளைகளின் நன்மைக்கான விற்பனை செல்லும் என்று சில நீதிமன்றங்களும் கூறிவந்தன. இப்பூசலை முடித்தது 1918-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த இமாம்பாந்தி வழக்கின் தீர்ப்பு. எழுதியவர் சையித் அமீர் அலீ. 1909-இல் அம்மன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியர். விதவைத் தாய் ஒருவர் தம் பங்கோடு இளம் பிள்ளைகளின் பங்கையும் விற்றிருந்தார். தாய்க்குரியது குழந்தையை வளர்க்கும் உரிமையே. அதன் நிலத்தை விற்கும் அதிகாரமன்று என்றார் அமீர் அலீ. உணவு, உடை போன்ற அவசரத் தேவைக்கு அசையும் பொருளை விற்கலாம், அடகும் வைக்கலாம். நிலத்தை விற்றால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1952-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இவ்வழியே நின்றது.

இத்தீர்ப்பைத் தாய்க்கு இழைத்த கொடுமை என்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஏமாந்த தாயிடம் அடிமாட்டு விலைக்கு வாங்க வந்தவனையே அது அதிகம் தடுத்தது. எனினும், தந்தைக்கும் பாட்டனாருக்கும் பின் தாய்க்கே அதிகாரம் என்று இமாம் இஸ்தக்ரீ (ரஹ்) கூறியதையும் மறைத்தல் தகாது. மத்ஹபு அதை ஏற்கவில்லை என்பது வேறு.

இன்றும் அத்தாய்க்கு வழி அடைபடவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, பிள்ளைகளின் சொத்துக்குத் தம்மையே காப்பாளராக நியமிக்குமாறு அவர் கோரலாம். நியமனம் பெற்ற பின்னும் ஒவ்வொரு விற்பனைக்கும் தனி அனுமதி வேண்டும்; ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்றோ, கிரயத் தொகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்றோ நீதிபதி நிபந்தனை விதிக்கலாம்.