பாம்பன் பாலம் யாருக்காகக் கட்டப்பட்டது?



புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து பலர் படமும் வீடியோவும் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்து மகிழ்ந்தேன். வரலாற்று வாத்தியார் அதோடு விடுவேனா? கொஞ்சம் நீண்ட பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

எந்தப் பாலத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பணம் போட்டது யார்? யாரை மனதில் வைத்துப் போட்டார்கள்?

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அவர்கள் கண் இலங்கை மீது இருந்தது. வணிகம், தபால், தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் கூலித் தொழிலாளர்கள் என்று போக்குவரத்து பெருகியிருந்த காலம். இலங்கை வரைக்கும் பாலம் போடும் யோசனைகூட இருந்தது. அது நடக்கவில்லை. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று முடிவானது. 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். வழியில் இருந்த தீவு மக்களுக்கும் ரயில் கிடைத்தது. ஆனால் திட்டம் அவர்களுக்காகப் போட்டதல்ல.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாம்பன் பாலமும் பெரும்பகுதி சிதைந்தது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு அன்று இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. 46 நாளில் பாலம் தயார்! பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் இவரே.

ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியது. இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த மணல் திட்டு அது. அங்கே மீண்டும் செலவு செய்யத் தயங்கியதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டன. அவர்களுக்குச் சோறு போடும் கடல் அங்கேதானே இருக்கிறது? பிடித்த மீனும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணும், காய்ச்சல் கண்ட குழந்தையும் மணலைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல்தான் திறக்கப்பட்டது. பாலத்துக்கு 46 நாள், இந்தச் சாலைக்கு 53 ஆண்டு. இன்று அந்தச் சாலையில் போகும் வண்டிகளில் சுற்றுலா வண்டிகளே அதிகம்.

ராமேஸ்வரம் தீவு முழுவதற்குமே இதே கதைதான். கார், பஸ், லாரி நேராக உள்ளே போக 1988 அக்டோபர் 2 வரை காத்திருந்தார்கள். அன்றுதான் பிரதமர் ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்தார். அடிக்கல் நாட்டியது 1974-ல். ரயில் பாலத்துக்கும் சாலைப் பாலத்துக்கும் இடையே 74 ஆண்டு இடைவெளி!

அந்தச் சாலைப் பாலத்தின் அருமை 2022 டிசம்பரில் தெரிந்தது. பழைய ரயில் பாலம் பழுதாகிப் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை, இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தீவைத் தாங்கியது சாலைதான். ஒரே வழியை நம்பி ஒரு தீவை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

புதிய பாலத்துக்கு ஏறத்தாழ 550 கோடி ரூபாய். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்சாரத்தில் அப்படியே மேலே எழும்புகிறது. பழையதை ஆட்கள் நெம்புகோல் தள்ளித் திறந்தார்கள். பெருமைப்பட வேண்டிய சாதனைதான்.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், அரசுப் பணியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். எத்தனை பேர் பயணம் செய்வார்கள், எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம் ஒதுக்குவீர்கள். அந்தக் கணக்கில் கடைக்கோடிக் கடற்கரைக் குப்பம் எப்போதும் தோற்கும். அதனால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த வழி இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

போட் மெயிலில் இலங்கை போய் வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்